ராக்கம்மாள் பேரில் கொடுத்தது

இல்லையென்று அத்தை சொல்லிவிட்டாள். டாக்டரம்மா கேட்டது என்னவோ மகரஜோதியைப் பார்த்துத்தான், "உண்டானதுல இருந்து யூரின் டெஸ்ட் எதுவும் எடுத்தீங்களாம்மா?" என்று. ஜோதி காய்ந்துபோன நாக்கைப் புரட்டிப் பதில் தேடுவதற்குள் பக்கத்து ஸ்டூலில் இருந்த மாமியார் ராக்கம்மாள், "இல்லங்கம்மா, இதான் மொதத் தடவ" என்று சொல்லி முடித்துவிட்டாள். டாக்டரம்மாவும் அதை எழுதிக்கொண்டாள். எழுதியாயிற்று என்றால் அப்புறம் அதுதான் உண்மை. இப்போது மாமியாரும் மருமகளும் அந்த நர்சிங் ஹோமின் கீழ்த்தளத்தில், லேப் கதவுக்கு எதிரே கிடந்த இரும்பு பெஞ்சில், கொடுத்த சிறுநீருக்கு என்ன பலன் வரப்போகிறதென்று உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அருப்புக்கோட்டையின் பங்குனி வெயில் தார் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜோதிக்குப் பற்கள் தந்தியடித்தன. பெஞ்சின் இரும்பு சேலையைத் தாண்டித் தொடையில் சில்லென்று ஏறியது. அத்தை பையிலிருந்த துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தி, "இந்தா வந்துரும் தாயி, இந்தா வந்துரும்" என்றாள். எது வந்துவிடும் என்று ஜோதிக்கு விளங்கவில்லை. ரிப்போர்ட்டா, பஸ்ஸா, நல்ல காலமா. ஏறியிருக்கும் என்றாளே டாக்டரம்மா, அந்தச் சொல்தான் மண்டைக்குள் நின்று இறங்க மாட்டேன் என்றது. பரிசோதிக்கையில் ஜோதியின் முதுகில் வலப்பக்கம், விலா முடிகிற இடத்தில், டாக்டரம்மா முஷ்டியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான், ஜோதிக்கு உச்சந்தலை வரை மின்சாரம் போய்வந்தது, அம்மா என்று கத்திவிட்டாள். "கிட்னி வரைக்கும் ஏறியிருக்கும்போலத் தெரியுது. யூரினப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்." ஏறுவது என்றால் கீழே எங்கோ இருந்திருக்க வேண்டும். கீழே இருந்தது எப்போதிலிருந்து இருந்தது. ஏணி வைத்து ஏறினாலும் ஒரே நாளில் ஏறிவிட முடியுமா. நேற்று மத்தியானம் வரை கடையில் நின்று ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தவள்தானே அவள்.

ஏறியது என்று டாக்டரம்மா சொன்னபோது அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இப்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். ராக்கம்மாள் வயர் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கொழுகொழுவென்ற ஏதோ வெள்ளைக்காரப் பிள்ளையின் படத்தைப் பார்க்காமல் அதற்குச் சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கே கண் பட்டுவிடும் என்று நினைக்கிறவள் அவள். கண் விஷயத்தில் அத்தையோடு யாரும் வாதாட முடியாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பது அவளுக்குப் பழமொழி இல்லை, தினப்படி நடைமுறை. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. முதல் பிள்ளை உண்டானபோது நாள் தள்ளிப்போன மறுவாரமே தெருவெல்லாம் சீனி கொடுத்தவள் அவள்தான். ஒரு சம்படம் நிறையச் சீனியை எடுத்துக்கொண்டு, எதிரில் வந்த பால்காரன் வாயிலும் போட்டாள், கரண்ட் பில் எடுக்க வந்தவன் வாயிலும் போட்டாள், என் மருமக முழுகாம இருக்கா, முழுகாம இருக்கா. அது மூன்றாம் மாசம் நிற்கவில்லை. இரண்டாவது தடவை சீனி கிடையாது, ஆனால் ஜோதியின் புருஷன் காசியின் வாய் சும்மா இருந்ததா, சைட்டில் இருக்கிற டிரைவர்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தான், அதுவும் தங்கவில்லை. அப்போது வந்து பார்த்தவர்களெல்லாம் ஒரே மாதிரி உச்சுக்கொட்டினார்கள், ஒரே மாதிரி வயிற்றைப் பார்த்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா. அதனால் மூன்றாவதுக்கு ராக்கம்மாள் தன் வாயை மூடிவிட்டாள், வீட்டிலுள்ள எல்லார் வாயையும் மூடிவிட்டாள். நர்சம்மாவிடம் பேர் பதியக் கூடாது, பதிந்தால் வீட்டுக்கு வருவாள், வந்தால் தெரு கேட்கும். ஜோதியின் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. அஞ்சாம் மாசம் பொறக்கட்டும், பூ வச்சு ஊருக்கே நானே சொல்லுறேன், அதுவரைக்கும் உனக்கும் எனக்கும் அவனுக்கும் அந்த இருக்கன்குடி மாரியாத்தாளுக்கும் மட்டும்தான் தெரியணும். ஜோதி சம்மதித்தாள். அத்தை மிரட்டியதால் இல்லை, அவளுக்கும் அதே பயம் இருந்தது. பயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் அப்படி ஒரு ஒற்றுமை, மற்ற எதிலும் கிடையாது என்று காசி கேலி செய்வான். காசி இப்போது கேரளாவில் ஏதோ மலைச்சரிவில் ஜேசிபியில் உட்கார்ந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பான். இடுப்பில் போன் அதிர்ந்தது. அவன்தான். எடுத்தால் குரல் நடுங்கும், எடுக்கவில்லை. அஞ்சாம் மாசம் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

லேப் கதவு திறந்தது. அவர்களுக்கு இல்லை, யாரோ ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கக் கூப்பிட்டாள் வனராணி. வனராணி அத்தைக்கு அண்ணன் முறை ஆகிறவரின் மகள், அதாவது காசிக்கு முறைப்பெண். ஒரு காலத்தில் அந்தப் பேச்சு வந்து, ஜாதகம் வரைக்கும் போய் நின்றுபோனது. அந்தப் பேச்சு வராமலே இருந்திருந்தால் அவள் கண் சாதாரணக் கண்ணாக இருந்திருக்கும். வந்து நின்றுபோனதால் ராக்கம்மாள் கணக்கில் அது பொல்லாத கண்ணாகிவிட்டது. இன்றைக்கு டாக்டரம்மா கொடுத்த சீட்டை வாங்கிப் படித்த அவள், நிமிர்ந்து ஜோதியின் முந்தானை மறைத்திருந்த இடத்தைப் பார்த்து, "சொல்லவே இல்லையே அத்த" என்று சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். புட்டியை நீட்டி, "கழுவிட்டு, மொதக் கொஞ்சத்த விட்டுட்டு நடுவுல பிடிங்கக்கா, அப்பத்தான் சரியா வரும்" என்று பதமாகத்தான் சொன்னாள். அத்தையோ அந்தச் சிரிப்பு பட்ட இடத்தைத் துடைப்பதுபோல ஜோதியின் வயிற்றுப் பக்கம் முந்தானையை இழுத்துவிட்டாள். கக்கூஸில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எரிந்த எரிச்சல் கண்ணில் நீராக வந்தது. நடுவில் பிடிக்க வேண்டுமாம். அன்றைக்கு நடுவில் பிடிக்கவில்லையே, அன்றைக்கு அத்தை புட்டியைக் கொண்டுவந்து, நிரப்பிக் குடு தாயி என்றாள், இவள் நிரப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு. அன்றைக்கு என்றதும் எண்ணம் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி அங்கேயே நின்றுவிட்டது, முன்னால் போனால் கிழியும், பின்னால் வந்தாலும் கிழியும். இதான் மொதத் தடவ. இல்லையே. இது முதல் தடவை இல்லையே.

எல்லாவற்றுக்கும் அந்த நர்சிங் படிக்கிற பெண்தான் காரணம் என்று நினைத்துப் பார்த்தாள், யார் மேலாவது பழியைத் தூக்கி வைத்தால் முதுகு கொஞ்சம் லேசாகும்போல இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜோதி நிற்கிற ஜெராக்ஸ் கடைக்குத் தை மாசக் கடைசியில் அந்தப் பெண் வந்து, கையால் எழுதின ஒரு கட்டு நோட்ஸைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். ஜெராக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எது கைக்கு வந்தாலும் ஒரு வரி படித்துவிடுவார்கள், பத்திரம், டி.சி., கல்யாண அழைப்பிதழ், கோர்ட்டு நோட்டீஸ், எதுவானாலும் ஒரு வரி. அப்படி ஒரு வரி: கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப மாதங்களிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும், அறிகுறி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், ஏனெனில். ஏனெனில் என்பதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தை வைப்பதற்குள் காகிதம் மாட்டிக்கொண்டது; மூடியைத் திறந்து உருவி, மறுபடி வைத்து, அவசரத்தில் அடுத்த பக்கம் கவிழ்ந்தபடியே போய் வந்துவிட்டது. அந்த ஏனெனிலுக்கு அப்புறம் என்ன இருந்தது. அது தெரியாமல் அந்த ராத்திரி அத்தையிடம் சொன்னாள், அத்தே, மூத்திரம் டெஸ்ட் பண்ணணுமாம், ஒண்ணும் இல்லாட்டாலும் பண்ணணுமாம். ராக்கம்மாளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, இரண்டு தடவை பறிகொடுத்தவள், எந்தப் பரிகாரத்தையும் தள்ளுகிறவள் இல்லை. ஆனால் யார் பேரில் கொடுப்பது. மகரஜோதி, வயது இருபத்தாறு என்று கொடுத்தால் வனராணி ஒரு நிமிஷத்தில் மோப்பம் பிடித்துவிடுவாள், வயசுப் பொம்பளை எதுக்கு மூத்திரம் டெஸ்ட் எடுக்கா. வேறு லேபுக்குப் போகலாமே என்றால், அங்கே யார் இருப்பார்களோ, என்னமோ. தெரிந்த பேயே தேவலை. அப்போதுதான் ராக்கம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை வந்த சந்தோஷத்தில் அத்தையின் முகம் எப்படி மலர்ந்தது என்று ஜோதிக்கு இப்போதும் கண்ணில் நின்றது. "ஏத்தா, நாந்தேன் சுகர்காரி. மாசாமாசம் ரத்தமும் மூத்திரமும் குடுக்குறவ. எம் பேருல குடுத்தா எவ கேக்கப் போறா?"

புட்டியைக் கூடைக்குள் முருங்கைக்கீரைக்கு அடியில் வைத்து அத்தை கொண்டுபோனாள். திரும்பி வந்து சொன்ன கதையை அவர்கள் இரண்டு பேரும் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பார்கள். மாடியில் இருக்கிற சுகர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கிருமி இருக்கும்போல இருக்கே, கல்ச்சர் பண்ணிப் பாப்போம் என்று, கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு அனுப்பினாராம். சில நாள் கழித்து அதுவும் வந்தது. கிருமி இருக்கத்தான் செய்தது. "எரிச்சல் இருக்கா?" இல்லங்கய்யா. "காச்சல், முதுகுவலி?" அதெல்லாம் இல்லங்கய்யா. "அப்ப விடுங்க. உங்க வயசுல, சுகர் இருக்கவங்களுக்கு இப்படி இருக்கிறதுதான். இதுக்குன்னு மாத்திரை வேண்டாம். தண்ணி நல்லாக் குடிங்க." அவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டுவிட்டு ராக்கம்மாள் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்து வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் பார்லி கஞ்சி கொதித்தது. ஜோதி ஒரு டம்ளர், அத்தை ஒரு டம்ளர். நீங்க எதுக்கத்தே குடிக்கிறீங்க என்று கேட்டதற்கு, டாக்டர் என் மூஞ்சியப் பாத்துல்ல சொன்னாரு, நான் குடிக்கலன்னா பலிக்காது என்றாள். அப்படிக் குடித்துக் குடித்து, எரிச்சலும் இல்லை ஒன்றும் இல்லை என்றானபோது, அந்தக் கிருமி உண்மையாகவே அத்தையுடையதுதான் என்று இரண்டு பேருக்குமே ஆகிவிட்டது. ஜோதிகூட ஒரு நாள், ஒங்க கிருமி எப்படித்தே இருக்கு என்று கேட்டாள். அத்தை சிரித்தாள். இப்போது அதே அத்தை, கூடையின் காதைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், பொய் சொன்னவள் முகம் அப்படி இருக்காது. மறந்தவள் முகம்தான் அப்படி இருக்கும். டாக்டரம்மா கேட்டது ஜோதியின் சிறுநீரைப் பற்றி. ராக்கம்மாளுக்கு நினைவிருப்பது ராக்கம்மாளின் சிறுநீர். அதனால்தான் இல்லை என்றாள். அது பொய்யே இல்லை.

ஆனால் கிருமிக்குப் பேர் தெரியாதே. இந்த நினைப்பு வந்ததும் குளிர் நின்று, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது, காய்ச்சலைவிடச் சூடாக. உங்க வயசுல என்றாரே டாக்டர், அது ஐம்பத்துநாலு வயசுக்குச் சொன்னது. இருபத்தாறு வயசுக்கு, வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு, என்ன சொல்லியிருப்பார். அறிகுறி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், ஏனெனில். ஏனெனில். கவிழ்ந்துபோன அந்தப் பக்கம் வெள்ளையாகக் கண்முன் வந்து வந்து போனது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது, யாரும் சொல்லாமலே முதுகு சொன்னது. ஏனெனில் அது ஏறும். பார்லி குடித்தாலும் ஏறும், சிரித்தாலும் ஏறும், ஊர்க்கண் படாமல் பொத்திப் பொத்தி வைத்தாலும் பொத்தின இருட்டுக்குள்ளேயே ஒரு படி ஒரு படியாக ஏறும். கடையில் கக்கூஸ் இல்லை, சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் நிற்பாள், அது கிருமிக்கு இன்னும் வசதி. தை முடிந்து மாசி வந்து பங்குனியும் முடியப் போகிறது, அத்தனை நாளும் அது அவளுக்குள் இருந்திருக்கிறது, பிள்ளைக்குப் பக்கத்துவீட்டில் குடியிருக்கிற மாதிரி. பிள்ளை. காலையிலிருந்து அது அசைந்ததா. போன வாரம்தான் முதல் தடவையாக, சிற்றெறும்பு ஊர்ந்த மாதிரி ஒன்று வந்தது. வாயுவோ என்று நினைத்து, மறுநாளும் அதே இடத்தில் வந்தபோது வாயு இல்லை என்று தெரிந்துகொண்டு, அதை அத்தையிடம்கூடச் சொல்லவில்லை, ரகசியத்துக்குள் ஒரு ரகசியமாக அவள் மட்டும் வைத்துக்கொண்டாள். நேற்றுக் காலையில் வந்தது. நேற்றுச் சாயங்காலம் குளிர் வந்ததால் எது எதுவென்று தெரியவில்லை. இன்றைக்கு இன்னும் வரவில்லை. சொல்லிவிட வேண்டும். எழுந்துபோய்க் கதவைத் தட்டி, இது முதல் தடவை இல்லை டாக்டர், அன்றைக்கு வந்தது என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அத்தை என்ன ஆவாள். பெற்ற தாய்கூட இரண்டு தடவையும் வந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டாள். ரத்தத்துணியை அலசிப் போட்டவள் இந்த அத்தைதான். அவள் கையாலேயே அவள் பேரனுக்குக் குழி வெட்டினாள் என்று அவள் காதுபட எப்படிச் சொல்வது. சொல்லாமலே விட்டால்தான் என்ன, இன்றைக்குத்தான் புதிதாக டெஸ்ட் கொடுத்தாயிற்றே, அதில் எல்லாம் தெரிந்துவிடாதா, பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது. இப்படி ஒரு வழி கிடைத்ததும் மனசு அதில் போய்ச் சாய்ந்துகொண்டது, நோயாளி மனசுக்குச் சாய்வதற்கு ஒரு சுவர் போதும். அப்போதுதான் வனராணி ரிப்போர்ட்டோடு மாடிப்படி ஏறிப் போவதைப் பார்த்தாள். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "யூரின்ல சீழ் நெறைய இருக்கு. கிட்னியில இன்ஃபெக்ஷன்தான், சந்தேகமில்ல. வீட்டுக்குப் போக முடியாது, இங்கயே படுங்க. ஊசி மருந்த நரம்புல ஏத்தணும்." ராக்கம்மாள், "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்றாள். டாக்டரம்மா சொன்னாள், "காச்சல் சீக்கிரம் இறங்கணும். இறங்கலன்னா வலி கண்டுரும், அதான் பயம். கல்ச்சருக்கு வச்சிருக்கோம், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும்னு அதுல தெரியும், ஆனா அது வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் பொதுவா குடுக்கிற மருந்தத்தான் குடுப்போம். முக்காவாசிப் பேருக்குக் கேக்கும்." கேக்காதவங்களுக்கு, என்று ஜோதிக்கு ஓடியது. சாய்ந்திருந்த சுவர் அப்படியே பின்னால் விழுந்தது. கிருமி எதற்கு அடங்கும் என்பது ஏற்கெனவே தெரியும், இந்தக் கட்டிடத்திலேயே, கீழே இருக்கிற கம்ப்யூட்டரில், வேறு ஒருத்தி பேரில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள். அவளுக்கு அது வெறும் நாளாகப் படவில்லை. அத்தையைப் பார்க்காமல், மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "டாக்டர், தை மாசம் எங்கத்த பேர்ல ஒரு டெஸ்ட் எடுத்தோம். கல்ச்சரும் பாத்தாங்க. கிருமி இருந்துச்சு. அது எங்கத்தது இல்ல. என்னோடது." டாக்டரம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் ராக்கம்மாளைத்தான் பார்த்தாள். மறந்தவள் முகத்தில் நினைவு திரும்பி வருவதை ஜோதி பக்கத்திலிருந்து பார்த்தாள், பார்த்திருக்கவே வேண்டாம். "ஆமாங்கம்மா" என்றாள் அத்தை, குரல் அவளுடையதாகவே இல்லை. "நாந்தேன் கொண்டாந்து குடுத்தேன். எரியலன்னு சொன்னேன். அந்த டாக்டரு வயசுக்கு இருக்குறதுதான், விடுங்கன்னாரு." டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவர் சொன்னது சரிதாம்மா. உங்களுக்கா இருந்தா விட்டுரலாம். புள்ளத்தாச்சிக்கு ஒரு தொந்தரவும் இல்லாட்டாலும் விடக் கூடாது, அப்பவே மாத்திரை குடுத்துரணும், இல்லன்னா இப்படித்தான் கிட்னிக்கு ஏறும்." போனை எடுத்து, "வனராணி, தை மாசக் கடைசியில ராக்கம்மாள்னு ஒரு கல்ச்சர் இருக்கும், எடுத்துட்டு ஓடி வா" என்றாள்.

படுக்கப் போட்டுக் கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டு நர்ஸ் மருந்து இறங்குகிற குழாயின் சக்கரத்தைத் திருப்பப் போன நேரத்தில் டாக்டரம்மா அந்தப் பழைய கல்ச்சர் காகிதத்தோடு வந்து, "அத நிறுத்து" என்றாள். தொங்கிய மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காதாம். வேறு மருந்து வந்தது. ஜோதி கூரையைப் பார்த்தபடி, சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஒரு தரம் நினைத்தாள், அந்த நினைப்பை அப்படியே பாதியில் விட்டாள். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வனராணி நிற்பது தெரிந்தது, காலில் வெள்ளைச் செருப்பு. அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், ஸ்டூல் இருந்தும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம், தாயி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குனிந்து, யாருக்கும் கேட்காத அந்தப் பழைய ரகசியக் குரலில் கேட்டாள், "அசையுதா?" ஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசைவு வந்ததை அத்தையிடம் அவள் சொன்னதே இல்லையே. "போன வாரம் ஒரு நா சோத்துல கை வச்சவ அப்படியே நின்னுட்ட. எனக்குத் தெரியாதா. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்." ஜோதிக்கு அழுகை வந்தது. அசையுதுத்தே என்று சொல்லிவிட்டால் இந்த முகம் கொஞ்சம் உயிர்பெறும், ஒரே ஒரு வார்த்தை, அத்தைக்காக. மறுபடி குளிர் வந்து உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடியது. அதற்குள் எங்கோ ஒன்று ஊர்ந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அது குளிரா பிள்ளையா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. நல்ல வார்த்தையாக ஒன்றைச் சொல்லி மூடி வைத்தால் என்ன ஆகும் என்று அவள் முதுகுக்குத் தெரியும். "தெரியலத்தே" என்றாள். "காலையில இருந்து தெரியல. டாக்டரக் கூப்பிடுங்க."

ராக்கம்மாள் திரையை விலக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள், போன வேகத்தில் முந்தானை கதவில் மாட்டி இழுபட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. ஜோதிக்கு அவள் குரல்தான் கேட்டது, இத்தனை மாசம் அடக்கி வைத்திருந்த குரல் முழுசாக. "டாக்டரம்மா, எம் மருமக முழுகாம இருக்கா. புள்ள அசையலங்குறா, ஓடியாங்க. ஏய்யா, சாமி, ஒரு நிமிசம் எல்லாரும் கும்பிட்டுக்கோங்கய்யா, எம் மருமக முழுகாம இருக்கா." டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள், மருந்து வாங்க நின்றவர்கள், டீ கொண்டுவந்தவன், எல்லார் பேச்சும் நின்றது. ஊருக்கே தெரிந்துவிட்டது, அஞ்சாம் மாசம் பிறப்பதற்கு முன்னாலேயே. முன் இரண்டு தடவையும் தெரிந்த பிறகுதான் போனது, இதுவும், என்று எண்ணம் போகப் போக, ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றில் சில்லென்று எதையோ தடவினார்கள். கைக்கு அடக்கமான ஒரு கருவியை டாக்டரம்மா அழுத்தி நகர்த்தினாள், கரகரவென்று காற்றுப்போல ஒரு சத்தம், இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அங்கேயும் காற்று. அப்புறம் அது கேட்டது, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு. அறை முழுக்கக் கேட்டது. திரைக்கு வெளியே யாரோ ஆண்டவனே என்றார்கள், அத்தை சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள், வனராணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும் கருவியை எடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ரொம்ப வேகமா இருக்கு" என்றாள். "அம்மாவுக்குக் காச்சல் அடிச்சா அதுவும் ஓடும். மருந்து கேக்குதான்னு பாப்போம்." ஜோதி கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடுகிறதுதான். பின்னால் யாரோ ஏறி வருகிறார்கள் என்று தெரிந்து ஓடுகிற ஓட்டம். ஊசி போகாத கையை வயிற்றின் மேல் வைத்து, அதற்கு மட்டும் கேட்கும்படி, சொல்லிட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன், இன்னும் கொஞ்ச நேரம் ஓடு என்றாள்.